எல்லாவற்றுக்கும் உண்டா? ஒன்றே ஒன்றுதானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமான 'உறவுகளும் சார்புகளும்' பற்றி நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அம்புக்குறிப் படம் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் பட்டென்று சொல்லிவிடுகிறார்கள், படத்தை எடுத்துவிட்டு வேறு விதமாகக் கேட்டால் திணறுகிறார்கள் என்கிறீர்கள். அவர்கள் சொன்ன விடைகளில் நான்கை அப்படியே எழுதியும் அனுப்பியிருக்கிறீர்கள். 'ஒய் = 5 சார்பு இல்லை, அதில் எக்ஸே இல்லை.' 'இந்த வரைபடம் சார்பு இல்லை, புள்ளிகளைச் சேர்க்கவில்லை.' 'இதில் இரண்டு சூத்திரம் இருக்கிறது, அதனால் இது இரண்டு சார்பு.' 'இரண்டு அம்பு ஒரே இடத்தில் போய் முடிகிறது, அதனால் சார்பு இல்லை.'

விடையை அடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகாமல், ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டு அதையும் எழுதி வைத்தீர்களே, அதற்காகவே உங்களுக்கு விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. இதே நான்கு விடைகளை வேறு வேறு வகுப்புகளில் நானும் கேட்டிருக்கிறேன். கல்லூரிக்குப் போன பிள்ளைகள் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். எனவே இந்தப் பதிலை மற்ற ஆசிரியர்களும் படிக்கும்படி பொதுக் கடிதமாகவே எழுதுகிறேன்.

நான்கு விடைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். எந்தப் பிள்ளையும் குருட்டாம்போக்கில் சொல்லவில்லை. சார்பு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஓர் உருவம் அவர்கள் மனதில் பதிந்திருக்கிறது. அதற்கு ஒரு சூத்திரம் இருக்க வேண்டும், சூத்திரத்தில் எக்ஸ் இருக்க வேண்டும், வரைந்தால் உடையாத கோடாக வர வேண்டும். எதிரே வருவதில் அந்தச் சாயல் தெரிந்தால் சார்பு, தெரியாவிட்டால் இல்லை. வரையறையைச் சொல்லச் சொன்னால் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பார்கள். முடிவெடுக்கிற நேரத்தில் அதன் பக்கமே போக மாட்டார்கள்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளிடம் மட்டும் காணும் குறை என்று நினைத்து மனம் தளர வேண்டாம். இஸ்ரேலைச் சேர்ந்த ஷ்லோமோ வின்னர், டாமி ட்ரைஃபஸ் என்ற இரு கணிதக் கல்வி ஆய்வாளர்கள் 271 கல்லூரி மாணவர்களிடமும் 36 பள்ளிக் கணித ஆசிரியர்களிடமும் இதைச் சோதித்து 1989-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சார்பு என்றால் என்ன என்று ஒரு கேள்வி. எல்லா மதிப்புகளும் சமமாக இருக்கும் ஒரு சார்பு உண்டா என்று இன்னொரு கேள்வி. பூச்சியம் தவிர மற்ற எண்களுக்கு அவற்றின் வர்க்கத்தையும், பூச்சியத்துக்கு மட்டும் வேறொரு எண்ணையும் தரும் சார்பு உண்டா என்று மற்றொன்று. முதல் கேள்விக்குச் சரியான வரையறையை எழுதியவர்களிலேயே பலர், அடுத்த கேள்விகளுக்கு அந்த வரையறைக்கு முரணாகப் பதில் எழுதினார்கள். மனதில் வரையறை ஓர் அறையிலும் உருவம் இன்னோர் அறையிலும் குடியிருக்கின்றன. முடிவெடுக்கும்போது திறப்பது உருவம் இருக்கும் அறையைத்தான்.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான். சார்பை அடையாளம் காண்பதற்குக் கண் போதாது, கேள்வி வேண்டும். இரண்டே கேள்விகள். அந்த இரண்டையும் பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்டுப் பழக வேண்டும்.

கேள்விகளுக்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணத்துக்கு என்பதைச் சொல்லியாக வேண்டும். புறப்படும் கணம் மதிப்பகம், போய்ச் சேரும் கணம் துணை மதிப்பகம். இது தெரியாமல் 'இது சார்பா' என்று கேட்பதில் பொருளே இல்லை. தெரிந்த பிறகு மதிப்பகத்தைப் பார்த்து மட்டும் கேட்க வேண்டும். இதில் உள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு நிழல் உரு உண்டா? உண்டென்றால், ஒன்றே ஒன்றுதானா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் சார்பு. ஏதேனும் ஒன்றுக்கு 'இல்லை' என்றால் சார்பில்லை. சூத்திரம் இருக்கிறதா, கோடு சேர்ந்திருக்கிறதா, நிழல் உருக்கள் வெவ்வேறா, துணை மதிப்பகத்தில் மிச்சம் இருக்கிறதா என்றெல்லாம் வரையறை கேட்கவே இல்லை. அது கேட்காததை நாமும் கேட்கக் கூடாது.

வகுப்பில் இதைத் தொடங்க நான் கையில் எடுப்பது திருக்குறள். எண்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்: 1330 குறள்கள், 133 அதிகாரங்கள், மூன்று பால்கள். அறத்துப்பாலில் 38 அதிகாரம், பொருட்பாலில் 70, காமத்துப்பாலில் 25. கரும்பலகையில் சூத்திரம் எதுவும் எழுத வேண்டாம். வாயால் கேளுங்கள்.

ஒவ்வொரு குறளையும் அது இடம்பெறும் அதிகாரத்தோடு இணைக்கிறோம். சார்பா? எல்லாக் குறளுக்கும் அதிகாரம் உண்டா? உண்டு. ஒன்றே ஒன்றுதானா? ஆம், ஒரே குறள் இரண்டு அதிகாரத்தில் வராது. சார்புதான். இங்கே ஒவ்வோர் அதிகாரத்திலும் பத்து அம்புகள் வந்து குவிகின்றன. 'ஒரே இடத்தில் இரண்டு அம்பு முடிகிறது' என்று தயங்கிய பிள்ளையை எழுப்பி, புறப்படும் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குறளிலிருந்து எத்தனை அம்பு புறப்படுகிறது? ஒன்று. வரையறைக்கு வேண்டியது அவ்வளவுதான். எத்தனை பேர் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது அதன் கவலை இல்லை.

இப்போது திசையைத் திருப்புங்கள். ஒவ்வோர் அதிகாரத்தையும் அதிலுள்ள குறளோடு இணைக்கிறோம். சார்பா? முதல் கேள்வியில் தேறுகிறது, இரண்டாவதில் விழுகிறது. ஓர் அதிகாரத்திலிருந்து பத்து அம்புகள் கிளம்புகின்றன. அதே இணைப்புகள்தான். திசை மாறியதும் தீர்ப்பு மாறிவிட்டது. 'எதிலிருந்து எதற்கு' என்று ஏன் முதலில் கேட்க வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

மூன்றாவதாக, ஒவ்வோர் அதிகாரத்தையும் அதன் முதல் குறளோடு மட்டும் இணைக்கிறோம். இப்போது சார்பு. 1330 குறள்களில் 133-க்குத்தான் அம்பு வருகிறது, மற்றவை சும்மா நிற்கின்றன. பிள்ளைகள் இங்கே தயங்குவார்கள். சும்மா நிற்பவை எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று கேளுங்கள். போய்ச் சேரும் பக்கத்தில் மிச்சம் இருக்கலாம், புறப்படும் பக்கத்தில் ஒன்றுகூட விடுபடக் கூடாது. அம்பு வந்து சேர்ந்தவை மட்டும் அடங்கிய வீச்சகம், துணை மதிப்பகம் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த இடத்திலேயே விளங்கிவிடும்.

பிறகுதான் சூத்திரம். குறளின் எண்ணைக் கொடுத்தால் அதிகார எண்ணைச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். 391-ஆம் குறள் 40-ஆவது அதிகாரமான கல்வியில் முதலாவது. 400-ஆம் குறள் அதே அதிகாரத்தில் கடைசி. 401-ஆம் குறளில் கல்லாமை தொடங்குகிறது. பிள்ளைகள் முதலில் பத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டுவார்கள். 391 சரியாக வரும், 400-க்கு 41 என்று தவறாக வரும். அந்தத் தவறை அவர்களே பிடிக்கட்டும். குறள் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, பத்தால் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, ஈவோடு ஒன்றைக் கூட்ட வேண்டும் என்பதைக் கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். சூத்திரம் கிடைப்பதற்கு முன்பே அது சார்பாக இருந்தது என்பதை அப்போது மறக்காமல் சொல்லுங்கள். சூத்திரம் சார்பை எழுதிக் காட்டும் வழிகளில் ஒன்று. வரிசைச் சோடிகள், அட்டவணை, அம்புக்குறிப் படம், வரைபடம் ஆகியவை மற்ற வழிகள்.

இதற்கு வரைபடம் போட்டால் தனித்தனிப் புள்ளிகளாக வரும். பத்துப் புள்ளிகள் ஒரே உயரத்தில், அடுத்த பத்து ஒரு படி மேலே. 'சேர்க்கட்டுமா?' என்று யாராவது கேட்பார்கள். 391-க்கும் 392-க்கும் நடுவில் ஏதாவது குறள் இருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள். இல்லாத ஒன்றுக்கு எதற்குக் கோடு? புள்ளிகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை மதிப்பகம் முடிவு செய்கிறது. நாம் போடும் உதாரணங்களில் பெரும்பாலானவை மெய்யெண்கள் முழுவதையும் மதிப்பகமாகக் கொண்டவை. அதனால்தான் உடையாத கோடு பிள்ளைகளின் மனதில் சட்டமாகிவிட்டது.

'இரண்டு சூத்திரம், அதனால் இரண்டு சார்பு' என்ற விடைக்கு வருகிறேன். இதற்கு மின்கட்டணத்தைவிட நல்ல பாடம் கிடையாது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். தொடக்கத்தில் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக வீதம் ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கே வேறு கணக்கு. '500-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்காத பிள்ளை வகுப்பில் இருக்க முடியாது. இங்கே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சூத்திரம். ஆனால் ஒரு வீட்டின் யூனிட்டைச் சொன்னால் எத்தனை கட்டணம் வரும்? ஒன்றுதான். ஒரே பயன்பாட்டுக்கு இரண்டு கட்டணம் வந்தால் யாரும் கட்ட மாட்டார்கள். எனவே அத்தனை பகுதிகளும் சேர்ந்து ஒரே சார்பு. 500-ஐத் தாண்டும் இடத்தில் வரைபடம் துள்ளுகிறது, அப்போதும் சார்புதான். திருப்பிக் கேட்டால் கதை வேறு. கட்டணம் பூச்சியம் என்றால் எத்தனை யூனிட்? 40-ஆகவும் இருக்கலாம், 90-ஆகவும் இருக்கலாம். கட்டணத்திலிருந்து யூனிட்டுக்குப் போகும் உறவு சார்பாகாது.

'ஒய் = 5' என்பதை மறுத்த பிள்ளைக்கும் வீதியிலேயே விடை இருக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏறும் பெண் எத்தனையாவது நிறுத்தத்தில் இறங்கினாலும் அவர் தரும் தொகை பூச்சியம். இறங்கும் நிறுத்தத்தை எக்ஸ் என்றும் கட்டணத்தை ஒய் என்றும் வைத்தால் ஒய் = 0. சூத்திரத்தில் எக்ஸ் தெரியவில்லை, ஆனால் எல்லா நிறுத்தத்துக்கும் கட்டணம் வரையறுக்கப்பட்டிருக்கிறது, அதுவும் ஒன்றே ஒன்று. மாறிலிச் சார்பு என்று புத்தகம் சொல்வது இதைத்தான். இதன் எதிர்முனையாக 'எக்ஸ் = 5' என்பதையும் அருகில் வைத்துக் கேளுங்கள். மெய்யெண்களிலிருந்து மெய்யெண்களுக்கான உறவாகப் பார்த்தால், 5-க்கு எண்ணிலடங்கா நிழல் உருக்கள், மற்ற எந்த எண்ணுக்கும் ஒன்றுமில்லை. இரண்டு கேள்விகளிலும் விழுகிறது. எக்ஸ் கண்ணுக்குத் தெரிவதாலேயே இதைச் சார்பு என்று சொன்னவர்கள் இருந்தால், அவர்கள் எதைப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

பிள்ளைகளின் மனதில் இருக்கும் இந்த உருவத்தை மட்டமாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் வரலாறும் சொல்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டின் மாபெரும் கணித மேதைகளும் அதே உருவத்தைத்தான் வைத்திருந்தார்கள். யோஹான் பெர்னூலி 1718-இல் சார்பைச் சொன்னபோது, மாறியும் மாறிலிகளும் எப்படியோ சேர்ந்து உருவாகும் ஒரு கணியம் என்றார். ஆய்லர் 1748-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் சார்பு என்பது ஒரு கோவை என்றே வரையறுத்தார். அதாவது, எழுதிக்காட்டக்கூடிய ஒரு சூத்திரம். ஒரே சூத்திரத்தில் அடங்கும் வளைவரை ஒரு வகை, பகுதிக்குப் பகுதி சூத்திரம் மாறும் வளைவரை வேறு வகை என்றும் அவர் பிரித்தார். உங்கள் வகுப்பில் 'இது இரண்டு சார்பு' என்று சொன்ன பிள்ளைக்கு ஆய்லர் துணை இருக்கிறார்.

அந்த எண்ணத்தை அசைத்தது ஒரு கம்பி. இரு முனையிலும் கட்டிய கம்பியை நடுவில் பிடித்து இழுத்துவிட்டால் எப்படி அதிரும் என்று டாலம்பேர் 1747-இல் சமன்பாடு எழுதினார். இழுத்துப் பிடித்த கம்பியின் வடிவத்தைப் பாருங்கள். இரண்டு நேர்கோடுகள் ஒரு முனையில் கூடுகின்றன. ஒவ்வொரு பாதிக்கும் ஒரு சூத்திரம். இப்படிப்பட்ட வடிவத்தைக் கணக்கில் சேர்க்கலாமா என்று பெரிய விவாதம் எழுந்தது. சேர்க்க வேண்டும், கையால் வரையக்கூடிய எந்த வடிவத்தையும் சேர்க்க வேண்டும் என்று வாதாடியவர் ஆய்லரேதான். 1755-இல் அவர் எழுதிய மற்றொரு நூலில், ஒன்று மாறினால் அதைச் சார்ந்து இன்னொன்றும் மாறுமானால் அது சார்பு என்று சூத்திரத்தை விட்டு வெளியே வந்தார். 1822-இல் ஃபூரியே, வெப்பம் பற்றிய நூலில், முனையும் துள்ளலும் உள்ள வடிவங்களைக்கூட சைன், கொசைன் தொடரால் எழுதிக் காட்டினார். 1829-இல் டிரிக்லே, விகிதமுறு எண்களுக்கு ஒரு மதிப்பும் விகிதமுறா எண்களுக்கு வேறொரு மதிப்பும் தரும் ஒன்றை முன்வைத்தார். அதை யாராலும் வரைந்து காட்ட முடியாது. ஆனால் எந்த எண்ணைக் கொடுத்தாலும் விடை உண்டு, ஒன்றே ஒன்றுதான். சூத்திரத்தையும் கோட்டையும் கழற்றிவிட்டு அந்த இரண்டு கேள்விகளை மட்டும் வைத்துக்கொள்ள, உலகின் தலைசிறந்த மூளைகளுக்கே நூறு ஆண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது. நாம் ஒரு பாடவேளையில் முடித்துவிட்டு, ஏன் புரியவில்லை என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வது நியாயமாகாது.

இந்த வரலாற்றில் வகுப்பறைக்கே நேராகப் பயன்படும் ஓர் இடம் இருக்கிறது. கோஷி 1844-இல் எடுத்துக்காட்டியது அது. பூச்சியமும் மிகை எண்களும் அப்படியே இருக்கட்டும், குறை எண்களுக்குக் குறியை மாற்றுங்கள். இரண்டு சூத்திரங்கள். நம் புத்தகத்தில் வரும் மட்டுச் சார்பு இதுதான். இதையே, எண்ணை வர்க்கப்படுத்தி அதன் வர்க்கமூலத்தை எடு என்று ஒரே சூத்திரமாகவும் எழுதலாம். குறை மூன்றைக் கொடுத்தாலும் மிகை மூன்றைக் கொடுத்தாலும் இரு வழியிலும் விடை மூன்றுதான். அப்படியானால் இது ஒரு சூத்திரச் சார்பா, இரண்டு சூத்திரச் சார்பா? சூத்திரத்தின் எண்ணிக்கை எழுதுபவர் கையில் இருக்கிறது, சார்பில் இல்லை. இதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். கரும்பலகையில் இரண்டு அட்டவணை போட்டு ஒப்பிட்டாலே போதும்.

அடுத்தது குத்துக்கோட்டுச் சோதனை. பொதுத் தேர்வை முன்னிட்டு அதை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஸ்கேலை நிமிர்த்தி வைத்து நகர்த்து, இரண்டு இடத்தில் வெட்டினால் சார்பில்லை. கை பழகிவிடுகிறது, காரணம் தெரிவதில்லை. இதைக் கடைசியாகக் கொண்டுவாருங்கள். குத்துக்கோடு என்பது ஒரே எக்ஸ் மதிப்புள்ள புள்ளிகளின் வரிசை. அது வளைவரையை இரண்டு இடத்தில் வெட்டினால் அந்த ஓர் எக்ஸுக்கு இரண்டு நிழல் உருக்கள் என்று பொருள். ஆக, இது நம் இரண்டாவது கேள்வியைத் தாளில் கேட்கும் முறை. இதைப் பிள்ளையே சொல்லும்படி செய்துவிட்டால் பிறகு எந்தத் திசையில் கோடு பிடிப்பது என்ற குழப்பம் வராது.

இந்தச் சோதனை முதல் கேள்வியைக் கேட்பதில்லை என்பதையும் காட்ட வேண்டும். ஆதியை மையமாகவும் 2 அலகை ஆரமாகவும் கொண்ட வட்டத்தின் மேல்பாதியை மட்டும் வரையுங்கள். எந்தக் குத்துக்கோடும் அதை ஓரிடத்துக்கு மேல் வெட்டாது. சோதனையில் தேறிவிட்டது. ஆனால் மதிப்பகம் மெய்யெண்கள் முழுவதும் என்று சொல்லியிருந்தால்? 3-க்கு நிழல் உரு எங்கே? இல்லை. மதிப்பகத்தைக் குறை 2 முதல் 2 வரை என்று சுருக்கினால் சார்பு, இல்லாவிட்டால் இல்லை. படம் ஒன்றே, தீர்ப்பு இரண்டு. ஒன்றின் கீழ் எக்ஸ் என்ற தலைகீழ்ச் சார்புக்கும் இதே கதைதான். பூச்சியத்தை மதிப்பகத்தில் வைத்துக்கொண்டு அதைச் சார்பு என்று சொல்ல முடியாது. இயல் எண்களிலிருந்து இயல் எண்களுக்கு, எண்ணிலிருந்து மூன்றைக் கழி என்ற உறவையும் கேளுங்கள். விதி தெளிவாக இருக்கிறது, விடையும் ஒன்றுதான். ஆனால் 1-க்கு வரும் விடை குறை 2, அது துணை மதிப்பகத்தில் இல்லை. எனவே 1-க்கு நிழல் உரு இல்லை, சார்பும் இல்லை. சூத்திரம் இருந்தாலே சார்பு என்று நம்பும் பிள்ளையை அசைக்க இந்த ஒன்று போதும்.

அட்டவணையில் இன்னொரு சிறு பொறி உண்டு. எக்ஸ் வரிசையில் 1 இரண்டு முறை வந்திருக்கும், கீழே இரண்டுக்கும் 3 என்றே இருக்கும். 'ஒன்று இரண்டு முறை வந்துவிட்டது, சார்பில்லை' என்பார்கள். ஒரே சோடியை இரண்டு முறை எழுதினால் அது இரண்டு சோடி ஆகாது. 1-க்கு நிழல் உரு 3 மட்டும்தான். வெவ்வேறு நிழல் உரு வந்தால்தான் பிழை.

இவையெல்லாம் கைவந்த பிறகு ஒன்றுக்கொன்றான சார்பு, மேற்சார்பு என்ற பெயர்களை அறிமுகப்படுத்துங்கள். முதல் வாரத்திலேயே எல்லாப் பெயரையும் கொட்டிவிடுவதால்தான், சார்பா என்ற கேள்விக்கு ஒன்றுக்கொன்றானதா என்ற கேள்வியின் விடையைப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். உங்கள் நான்காவது விடை அப்படிப் பிறந்ததுதான். இந்த இடத்தில் நமக்கு ஓர் அருமையான வசதி இருக்கிறது. புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதே இரண்டு கேள்விகளை எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்டால் போதும். துணை மதிப்பகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு முன் உரு உண்டா? உண்டென்றால் அது மேற்சார்பு. இல்லாவிட்டால் உட்சார்பு. முன் உரு உள்ள ஒவ்வொன்றுக்கும் அது ஒன்றே ஒன்றுதானா? ஆமென்றால் ஒன்றுக்கொன்றான சார்பு. இல்லாவிட்டால் பலவற்றுக்கொன்றான சார்பு. புறப்படும் பக்கத்தில் இரண்டு கேள்வி, சேரும் பக்கத்தில் அதே இரண்டு கேள்வி. நான்கிலும் தேறினால் அது இருபுறச் சார்பு. அப்போது அம்புகளைத் திருப்பிப் போட்டாலும் சார்பாகவே இருக்கும். நேர்மாறுச் சார்பு எப்போது கிடைக்கும் என்ற பெரிய தேற்றத்தையே பிள்ளை இப்போது தன் வாயால் சொல்லிவிட்டது.

குறளுக்கே திரும்பிச் சரிபாருங்கள். குறளிலிருந்து அதிகாரத்துக்கு மேற்சார்பு, ஒன்றுக்கொன்றானது அன்று. அதிகாரத்திலிருந்து அதன் முதல் குறளுக்கு ஒன்றுக்கொன்றானது, மேற்சார்பு அன்று. குறளிலிருந்து குறள் எண்ணுக்கு, 1 முதல் 1330 வரை என்று துணை மதிப்பகத்தை வைத்தால், இரண்டும். குறளிலிருந்து அதிகாரத்துக்கும், அங்கிருந்து பாலுக்கும் தொடர்ந்து போனால் சார்புகளின் சேர்க்கையும் வந்துவிட்டது. ஒரே நூலை வைத்துக்கொண்டு ஒரு பாடத்தின் பெரும்பகுதியை நடத்திவிடலாம்.

தேர்வுத் தாளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வகுப்புத் தேர்வு உங்கள் கையில் இருக்கிறது. சார்பா, இல்லையா என்று மட்டும் கேட்காதீர்கள். பாதிப் பேர் குருட்டு அதிர்ஷ்டத்தில் தேறிவிடுவார்கள். சார்பில்லை என்று எழுதினால், எந்த உறுப்பில், எந்தக் கேள்வியில் விழுந்தது என்று காட்டச் சொல்லுங்கள். ஓர் உறுப்பைக் காட்டினால் போதும். சார்பு என்று எழுதினால் அப்படி ஒன்றைக் காட்டித் தப்பிக்க முடியாது, மதிப்பகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும் காரணம் சொல்ல வேண்டும். மறுக்க ஓர் எடுத்துக்காட்டு, நிறுவ எல்லாவற்றுக்குமான காரணம். கணிதத்தின் அடிப்படை ஒழுங்கு இது. அதைப் பழக்க இந்தப் பாடம் போல வாகான இடம் பத்தாம் வகுப்பில் வேறில்லை.

கூடவே, பிள்ளைகளையே உதாரணம் உண்டாக்கச் சொல்லுங்கள். முதல் கேள்வியில் மட்டும் விழும் ஓர் உறவு, இரண்டாவதில் மட்டும் விழும் ஓர் உறவு, இரண்டிலும் விழும் ஓர் உறவு, சூத்திரமே இல்லாத ஒரு சார்பு. நாம் கொடுப்பதை அடையாளம் காண்கிற பிள்ளையைவிட, தானே உண்டாக்கி இது ஏன் சார்பில்லை என்று சொல்கிற பிள்ளைக்கு வரையறை உறுதியாகப் பிடிபட்டிருக்கும். வீட்டுச் சொந்தங்கள், ரயில் அட்டவணை, மதிப்பெண் பட்டியல், கிரிக்கெட் ஓட்ட விவரம் என்று அவர்கள் கொண்டுவருவதில் நாம் யோசித்தே பார்க்காத உதாரணங்கள் வரும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பாடத்திட்டம் நெருக்குகிறது, தலைமையாசிரியர் தேர்ச்சி விகிதம் கேட்கிறார். ஆனால் இந்த ஒரு கருத்தைச் சரியாக ஊன்றினால் அடுத்த வகுப்புகளில் பல இடங்களில் நேரம் மிச்சமாகும். பதினொன்றாம் வகுப்பில் எல்லை, தொடர்ச்சி, வகையிடல் எல்லாம் சார்பின் மேல்தான் நிற்கின்றன. தொடர்ச்சி இல்லாத சார்பு என்ற பேச்சே, சார்பு என்றால் உடையாத கோடு என்று நம்பியிருக்கும் பிள்ளைக்கு முரணாகப் படும். முக்கோணவியலில் நேர்மாறு எடுக்கும்போது மதிப்பகத்தை ஏன் சுருக்குகிறோம் என்பதும் அந்தப் பிள்ளைக்கு விளங்காது. இப்போது கூடுதலாக இரண்டு பாடவேளை கொடுங்கள். பின்னால் வரும் ஆசிரியர் உங்களை வாழ்த்துவார்.

ஒரு மாதம் கழித்து, சொல்லிக்கொடுத்தது பிடித்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். வேறு பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, முன்னறிவிப்பில்லாமல், மாணவரையும் அவருடைய பிறந்த நாளையும் இணைத்தால் சார்பா என்று கேளுங்கள். உடனே ஆம், இல்லை என்று குரல்கள் வந்தால் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது. 'மாணவரிலிருந்து பிறந்த நாளுக்கா, பிறந்த நாளிலிருந்து மாணவருக்கா, எதைக் கேட்கிறீர்கள், டீச்சர்?' என்று யாராவது எழுந்து உங்களையே திருப்பிக் கேட்டால், அந்தப் பிள்ளைக்குச் சார்பு வந்துவிட்டது என்று தைரியமாக அடுத்த பாடத்துக்குப் போகலாம். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் ஒரு கணக்கு ஆசிரியர்